அன்னை கதீஜா (ரலி): மக்காவின் முதலாளி

அன்னை கதீஜா (ரலி) அவர்களைப் பற்றிய பயான்களில் ஒரு வரி தவறாமல் வரும்: அவர்கள் மக்காவில் பெரும் வணிகராக இருந்தார்கள். அந்த வரியைச் சொன்ன கையோடு பேச்சு திருமணத்துக்குத் தாவிவிடும். பிறகு ஹிரா குகை, முதல் வஹீ, போர்வை, ஆறுதல். எல்லாம் நாம் கேட்டுக் கேட்டு நெகிழ்ந்தவைதான். ஆனால் அந்த முதல் வரியில் மட்டும் நாம் நின்று யோசிப்பதில்லை. பெண்ணுக்குச் சொத்தில் பங்கே இல்லாத ஓர் ஊரில், ஒரு மாதத்துக்கு மேல் பயணம் செய்தால்தான் சந்தையையே பார்க்க முடியும் என்ற நிலையில், ஒரு பெண் எப்படி வியாபாரம் செய்தார்? சரக்கை யார் கொண்டுபோனது? கணக்கை யார் பார்த்தது? இந்தக் கட்டுரையில் அந்த ஒரு வரியிலேயே கொஞ்ச நேரம் நிற்கப்போகிறோம்.

மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துஆவிலேயே அதை அப்படித்தான் குறிப்பிட்டார்கள். அங்கே இருந்தவை கஅபாவும் ஜம்ஜமும் வியாபாரமும்தான். குறைஷிகள் குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் வணிகக் கூட்டம் அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்களின் பாட்டனாரின் தந்தை ஹாஷிம் இந்தப் பயணங்களை ஒழுங்குபடுத்தியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சூரா குறைஷ் இந்த இரண்டு பயணங்களையும் அல்லாஹ் அவர்களுக்குச் செய்த அருளாகவே நினைவூட்டுகிறது. தோலும் வாசனைப் பொருட்களும் வடக்கே போகும். தானியமும் எண்ணெயும் துணியும் திரும்பி வரும்.

இந்த வணிகக் கூட்டத்தை ஒரு தனி மனிதரின் லாரி வரிசைபோல நினைத்துவிடக் கூடாது. ஊரே பங்கு போடும் கூட்டு வியாபாரம் அது. பத்ருப் போருக்குக் காரணமாக அமைந்த அபூஸுஃப்யானின் வணிகக் கூட்டத்தைப் பற்றி வாகிதீ தரும் விவரம் சுவையானது. சுமார் ஆயிரம் ஒட்டகங்கள் சென்ற அந்தக் கூட்டத்தில், கையில் ஒரு மிஸ்கால் அளவு பொன் இருந்த குறைஷி ஆணும் பெண்ணும் எல்லோருமே பணம் போட்டிருந்தார்கள் என்கிறார் அவர். ஆக, பெண் பணம் போடக் கூடாது என்று அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை. சிறு பங்கு போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம். திரும்பி வருகிறவர் என்ன கொடுக்கிறாரோ அதை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் வளரத்தான் வழியில்லை.

ஏனென்றால் வளர்வதற்கு முதல் வேண்டும், முதலுக்குச் சொத்து வேண்டும். அறியாமைக் கால அரபிகளின் வாரிசு நியாயம் சுருக்கமானது: குதிரை ஏறிப் போரிடுகிறவனுக்கே சொத்து. பெண்ணுக்கும் சிறுவர்களுக்கும் பங்கில்லை. கணவர் இறந்தால் அவருடைய உறவினர்கள் விதவையையே சொத்துபோல எடுத்துக்கொள்ளும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது. சூரா நிஸாவின் 19ஆம் வசனம் அதைத்தான் தடுத்தது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணின் கையில் பெரும் முதல் தங்குவது அபூர்வத்திலும் அபூர்வம்.

அந்த அபூர்வம் குறைஷிகளின் அஸத் குலத்தில் நிகழ்ந்தது. குவைலித் இப்னு அஸத் அவர்களின் மகளாகக் கதீஜா பிறந்தார்கள். தாயார் பெயர் பாத்திமா பின்த் ஸாயிதா. யானை ஆண்டுக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு பிறந்தார்கள் என்பது பிரபலமான கணக்கு. இஸ்லாத்துக்கு முன்பே ஊர் அவர்களைத் தாஹிரா, அதாவது தூய்மையானவர் என்று அழைத்தது. நபி (ஸல்) அவர்களுக்கு முன் அவர்களுக்கு இரண்டு திருமணங்கள் நடந்தன. ஒருவர் அபூஹாலா, இன்னொருவர் மக்ஸூம் குலத்து அதீக். இருவரில் யார் முதல் கணவர் என்பதில் வரலாற்று நூல்கள் மாறுபடுகின்றன. பிள்ளைகளும் பிறந்தார்கள். அபூஹாலாவுக்குப் பிறந்த ஹிந்த் என்ற மகன் பிற்காலத்தில் நபி (ஸல்) அவர்களின் தோற்றத்தை வர்ணிப்பதில் பெயர் பெற்ற நபித்தோழர் ஆனார்.

தந்தை குவைலிதும் ஃபிஜார் போருக்கு முன்பே இறந்துவிட்டார் என்பதே வலுவான கருத்து. எனவே தலைக்கு மேல் தந்தையும் இல்லை, பக்கத்தில் கணவரும் இல்லை. கையில் செல்வம், மடியில் பிள்ளைகள். குறைஷிகளில் பெரிய மனிதர்கள் பலர் பெண் கேட்டு வந்தார்கள். அவர்கள் யாரையும் கதீஜா ஏற்கவில்லை. இதைச் சொல்லும்போது நாம் வழக்கமாக அவர்களின் கண்ணியத்தைப் பேசுவோம். அது சரிதான். ஆனால் நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. செல்வமுள்ள விதவையை மணக்க வருகிறவர்களில் எத்தனை பேர் மனைவியைத் தேடி வந்தார்கள், எத்தனை பேர் முதலைத் தேடி வந்தார்கள்? அந்த வித்தியாசம் ஒரு வியாபாரிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்!

முதல் கையில் நின்றது. அடுத்த சிக்கல் வழி. மக்காவிலிருந்து ஷாமின் புஸ்ரா நகரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். போக ஒரு மாதத்துக்கு மேல், வர அதே அளவு. இடையே பாலைவனமும் வழிப்பறியும். கதீஜா (ரலி) அந்தக் கூட்டங்களோடு செல்லவில்லை. மக்காவில் இருந்துகொண்டே ஆட்களைக் கூலிக்கு அமர்த்தியும், லாபத்தில் பங்கு பேசியும் தம் சரக்கை அனுப்பினார்கள் என்று இப்னு இஸ்ஹாக் பதிவுசெய்கிறார். பிற்கால ஃபிக்ஹு நூல்களில் முளாரபா என்று நாம் படிக்கும் ஒப்பந்தம் இதுதான். ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பைப் போடுவார். லாபம் வந்தால் முன்பே பேசிய விகிதப்படி பிரிப்பார்கள். நஷ்டம் வந்தால், உழைத்தவரிடம் தவறு இல்லாத வரை, பண நஷ்டம் முதல் போட்டவருக்கு. உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம். வட்டிக்கு விட்டவன் கதை இதற்கு நேர் எதிர். சரக்கு கொள்ளை போனாலும் அவனுக்குரியது அவனுக்கு வந்தாக வேண்டும்.

முளாரபா நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தூரத்தில் இருக்கும் முதலாளிக்கு அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. புஸ்ராவில் இன்றைக்குத் தோல் என்ன விலை போனது என்று மக்காவில் இருப்பவருக்குத் தெரியாது. பத்துக்கு விற்றதை எட்டுக்கு விற்றேன் என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆண் முதலாளி என்றால் அடுத்த பயணத்தில் தானே போய்ப் பார்த்துவிடுவார். கஅபாவின் நிழலில் நடக்கும் சபையில் உட்கார்ந்து, போய்வந்த நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்துவிடுவார். பெண் முதலாளிக்கு அந்த இரண்டு வழியும் குறுகல். பணம் இருந்தும் பெண்கள் பெரிய வியாபாரத்தில் இறங்காமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்க முடியாது. செய்தி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் லாபம் இருக்கும்.

எனவே அன்னை அவர்கள் சரக்கைவிட ஆளைத் தேடினார்கள். மக்காவில் அல்அமீன் என்று பெயர் வாங்கிய ஓர் இளைஞரைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். வயது 25. தந்தையையும் தாயையும் இழந்து, பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டில் வளர்ந்தவர். மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர். அபூதாலிபின் குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. அந்தக் காலத்தில்தான் அவர்களுக்கு அழைப்பு போனது. மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு தருவதாகச் சொல்லியனுப்பினார்கள் என்று இப்னு ஸஅத் தரும் அறிவிப்பு கூறுகிறது.

இரண்டு மடங்கு என்பதை நாம் தாராள குணம் என்று மட்டும் படித்துவிடுகிறோம். தாராளம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல முதலாளியின் கணக்கும் அதில் இருக்கிறது. பொய்க் கணக்கால் போகும் பணத்தைவிட உண்மையானவருக்குக் கொடுக்கும் அதிகக் கூலி குறைவுதான். நம்பிக்கைக்கு விலை உண்டு என்று தெரிந்து, அந்த விலையைத் தயங்காமல் கொடுத்தவர்கள் அவர்கள். அதோடு நின்றுவிடவும் இல்லை. தம் பணியாள் மைஸராவையும் கூடவே அனுப்பினார்கள். பயணத்துக்கு உதவியாகவும், போகும் வழியிலும் சந்தையிலும் நடப்பதைப் பார்த்துவந்து சொல்கிறவராகவும் மைஸரா சென்றார். நம்புவதும் சரிபார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பது அந்த வீட்டின் நடைமுறையாக இருந்தது.

புஸ்ராவில் சரக்கு விற்றது. விற்ற பணத்தில் வேறு சரக்கு வாங்கப்பட்டது. கூட்டம் மக்கா திரும்பியதும், வந்த சரக்கை அன்னை அவர்கள் விற்றார்கள்; முதல் இரட்டிப்பானது, அல்லது இரட்டிப்பை நெருங்கியது என்கிறார் இப்னு இஸ்ஹாக். இந்த இடத்தை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஷாமுக்குப் போனது நபி (ஸல்) அவர்கள். ஆனால் வந்த சரக்கை மக்காவில் விற்று லாபம் பார்த்தது கதீஜா (ரலி) அவர்கள். வீட்டில் இருந்துகொண்டு பணம் மட்டும் போட்டவர் அல்லர். வியாபாரத்தின் பாதி அவர்கள் கையாலேயே நடந்தது.

மைஸராவும் தான் கண்டதைச் சொன்னார். வழியில் கண்ட அற்புதங்களைப் பற்றிய அறிவிப்புகளைப் பயான்களில் நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். கொடுக்கல் வாங்கலில் கண்ட நேர்மையும் நற்குணமும் அவர் சொன்னவற்றில் இருந்தன. நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் இந்த ஷாம் பயணத்தையும் அதைத் தொடர்ந்த திருமணத்தையும் விரிவாகப் பாடியிருக்கிறார். தமிழ் முஸ்லிம் வீடுகளில் சீறா ஓதக் கேட்டு வளர்ந்த பாட்டிமார்களுக்கு மைஸராவின் பெயர் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர்போலப் பழக்கம்.

திருமணப் பேச்சைத் தொடங்கியதும் பெண் தரப்பே. நஃபீஸா என்ற தோழி நபி (ஸல்) அவர்களிடம் சென்று, ஏன் இன்னும் மணம் முடிக்கவில்லை என்று விசாரித்தார்கள். மணம் முடிக்கும் அளவுக்குக் கையில் எதுவும் இல்லை என்ற பதில் வந்தது. அந்தக் கவலை இல்லாமல் அழகும் செல்வமும் கண்ணியமும் உள்ள இடம் அமைந்தால் என்ன என்று பேச்சு நகர்ந்து, கதீஜாவின் பெயரில் வந்து நின்றது. பெண் தரப்பில் தந்தையின் சகோதரர் அம்ர் இப்னு அஸத் இருந்தார். மாப்பிள்ளை தரப்பில் அபூதாலிப் பேசினார். அன்னைக்கு வயது 40 என்பது பிரபலமான கருத்து. 28 என்ற அறிவிப்பும் உண்டு.

மஹர் 20 இளம் ஒட்டகங்கள் என்று இப்னு ஹிஷாம் குறிப்பிடுகிறார். வெள்ளிக் கணக்கில் சொல்லும் அறிவிப்பும் இருக்கிறது. எதுவாக இருந்தாலும், கையில் ஒன்றும் இல்லை என்று சொன்ன இளைஞரின் குடும்பம், ஊரிலேயே செல்வம் மிகுந்த பெண்ணுக்கு மஹர் கொடுத்தது. இவளிடம் இல்லாததா என்று யாரும் விட்டுவிடவில்லை. இங்கே நம் வீட்டு நிக்காஹ் தாள்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு வர வேண்டிய மஹரை ஒப்புக்கு ஒரு தொகையாக எழுதிவிட்டு, பெண் வீட்டிலிருந்து கைக்கூலியைப் பெருந்தொகையாக வாங்குகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. ஒரு பெண் தன் சொந்தப் பெயரில் வாழ்க்கையில் முதன்முதலாகக் கையில் பெறும் முதல் மஹர்தான். அதையே நாம் பேச்சளவில் ஆக்கிவிட்டோம்.

இந்தத் திருமணம் 25 ஆண்டுகள் நீடித்தது. காஸிம், அப்துல்லாஹ், ஸைனப், ருகையா, உம்மு குல்ஸூம், பாத்திமா என்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஆண் பிள்ளைகள் சிறு வயதிலேயே இறந்தார்கள். பஞ்ச காலத்தில் அபூதாலிபின் சுமையைக் குறைக்க சிறுவர் அலீ (ரலி) இந்த வீட்டுக்கு வந்தார். அன்னையின் அண்ணன் மகன் ஹகீம் இப்னு ஹிஸாம் கொடுத்த ஸைத் (ரலி) அன்னையின் கையிலிருந்து நபி (ஸல்) அவர்களுக்குச் சென்று, விடுதலை பெற்று, மகன்போல வளர்ந்தார்.

இந்த ஆண்டுகளில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை நாம் மறக்கவே கூடாது. நபி (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்த ஹலீமா (ரலி) ஒரு முறை மக்கா வந்தார்கள். அவர்களின் பகுதியில் கடும் வறட்சி, கால்நடைகள் செத்துப்போயிருந்தன. நபி (ஸல்) அவர்கள் அன்னையிடம் பேசினார்கள். அன்னை 40 ஆடுகளையும் ஓர் ஒட்டகத்தையும் கொடுத்து அனுப்பினார்கள் என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். ஒரு மூட்டைத் தானியம் கொடுத்திருந்தால் அது உதவி. ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். 40 ஆடு என்பது ஒரு மந்தை. அதில் பாலும் குட்டியும் கம்பளியும் உண்டு. பாலைவனத்துப் பெண்ணுக்கு அது ஒரு தொழில். முதல் எப்படிப் பெருகும் என்று தெரிந்த ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு முதல் கொடுத்தார்.

கி.பி. 610இல் ஹிராவில் வஹீ வந்தது. நடுங்கியபடி வீடு வந்த நபி (ஸல்) அவர்களுக்கு அன்னை சொன்ன ஆறுதலை நாம் எல்லோரும் அறிவோம். உறவைப் பேணுகிறீர்கள், பலவீனரின் சுமையைத் தாங்குகிறீர்கள், இல்லாதவருக்குத் தேடிக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள். ஆகவே அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்ற பொருளில் பேசினார்கள். ஷாமுக்கு அனுப்பும் முன்பே ஒருவரின் குணத்தை எடைபோட்டுப் பார்த்தவர்கள், பிறகு 15 ஆண்டுகள் கூடவே வாழ்ந்து பார்த்தவர்கள் சொன்ன சாட்சியம் அது. அதன்பின் தம் உறவினர் வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள். ஈமான் கொண்டவர்களில் முதலாமவர் ஆனார்கள்.

அதற்குப் பிறகு வணிகக் கூட்டங்களைப் பற்றிய பேச்சு சீறா நூல்களில் மறைந்துவிடுகிறது. செல்வம் வேறு வழியில் போகத் தொடங்கியது. நபித்துவத்தின் 7ஆம் ஆண்டில் குறைஷிகள் ஹாஷிம், முத்தலிப் குலங்களை ஒதுக்கிவைத்தார்கள். அவர்களோடு பெண் கொடுக்கல் வாங்கல் கூடாது, பொருள் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று எழுதி அந்தப் பத்திரத்தைக் கஅபாவுக்குள் தொங்கவிட்டார்கள். வியாபாரத்தாலேயே வாழும் ஊரில் வியாபாரத்தை நிறுத்துவதைவிடக் கொடிய ஆயுதம் இல்லை. அபூதாலிபின் கணவாயில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிந்தன. பசியால் குழந்தைகள் அழும் சத்தம் வெளியே கேட்டது. அன்னைக்கு அப்போது அறுபது வயதைத் தாண்டிவிட்டது.

அந்த நாட்களில் ஒரு நாள் ஹகீம், தம் அத்தைக்குப் பணியாள் மூலம் கோதுமை கொண்டுபோனார். அபூஜஹ்ல் பார்த்துவிட்டான். ஹாஷிம் குலத்தாருக்கா உணவு கொண்டுபோகிறாய், உன்னை ஊர் நடுவே அவமானப்படுத்துவேன் என்று பிடித்துக்கொண்டான். அப்போது அங்கே வந்த அபுல் பக்தரீ இஸ்லாத்தை ஏற்றவர் அல்லர். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. இந்த உணவு அவனுடைய அத்தைக்குச் சொந்தமானது, அவனிடம் இருந்தது, அவர் கேட்டனுப்பியிருக்கிறார். அவருடைய பொருளை அவரிடம் சேர்ப்பதைத் தடுக்க நீ யார் என்ற விதமாகக் கேட்டார். அபூஜஹ்ல் விடவில்லை. அபுல் பக்தரீ கிடந்த ஒட்டகத் தாடை எலும்பை எடுத்து அவன் மண்டையைப் பிளந்தார். ஒரு பெண்ணின் சொத்து அந்தப் பெண்ணுக்கே உரியது என்பதற்காக மக்காவில் ரத்தம் சிந்தப்பட்ட நாள் அது. இந்த நிகழ்ச்சியை நம் மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை.

ஒதுக்கிவைத்தல் முடிந்த சில மாதங்களில், நபித்துவத்தின் 10ஆம் ஆண்டு, கி.பி. 619இல் அன்னை அவர்கள் மறைந்தார்கள். ரமழான் மாதம் என்பது பெரும்பான்மைக் கருத்து. ஜனாஸா தொழுகை அப்போது கடமையாக்கப்பட்டிருக்கவில்லை. ஹஜூனில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இன்று ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் ஜன்னத்துல் முஅல்லா என்று ஸியாரத் செய்யும் இடம் அதுதான். மக்கள் கொடுக்க மறுத்தபோது தம் செல்வத்தால் தமக்குத் துணைநின்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் பின்னாளில் ஆயிஷா (ரலி) அவர்களிடம் நினைவுகூர்ந்தார்கள். ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழிகளுக்கு இறைச்சி அனுப்புவார்கள்.

அன்னைக்குக் கிடைத்த முதல் ஒரு தனிப்பட்ட வாய்ப்பு. மற்றப் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது அவர்கள் மறைந்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, மதீனாவில். உஹதில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். பிள்ளைகளின் சிற்றப்பா சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், பணம் இல்லாமல் இவர்களுக்கு மணம் முடிக்கவும் முடியாது என்று முறையிட்டார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. சிற்றப்பா அழைக்கப்பட்டார். பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, தாய்க்கு எட்டில் ஒரு பங்கு, மிஞ்சியது உமக்கு என்று தீர்ப்பானது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பெண்கள், மிச்சம்தான் ஆணுக்கு.

இந்தத் தீர்ப்பு நம் வீடுகளில் எப்படி நடக்கிறது? சட்டத்தில் தடை இல்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டிருந்தது. அன்றைய சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அதையும் சேர்த்தது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. வாப்பா மௌத்தான பிறகு பதிவு அலுவலகத்தில் அக்கா தங்கைகள் போடும் கையெழுத்தில் இருக்கிறது. நகை போட்டுக் கல்யாணம் செய்துகொடுத்தாயிற்றே, விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடு என்று காக்கா கேட்டால் எந்தத் தங்கச்சி மறுப்பாள்? அதே தங்கச்சி பத்து வருடம் கழித்து வீட்டிலேயே தையலோ பிரியாணி ஆர்டரோ தொடங்க ஐம்பதாயிரம் வேண்டும் என்று வங்கிக்குப் போகிறாள். ஈடாக என்ன சொத்து இருக்கிறது என்கிறார்கள். வீடு மாமனார் பெயரில்; வாப்பா வீட்டுப் பங்கு காக்கா பெயரில். கடைசியில் மிஞ்சியிருக்கும் வளையல் அடகுக் கடைக்குப் போகும், இல்லையென்றால் வாரத் தவணை வட்டிக் குழுவில் பெயர் சேரும். வட்டி ஹராம் என்று அவளுக்குப் பயான் செய்வது நமக்கு எளிது. அவளை அங்கே தள்ளியது எந்தக் கையெழுத்து என்று கேட்பதுதான் கடினம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இதற்கு வேறு வழி இருந்ததை தபரீயின் வரலாற்றில் பார்க்கிறோம். அபூஸுஃப்யானைப் பிரிந்த ஹிந்த் பின்த் உத்பா (ரலி) பைத்துல்மாலில் நாலாயிரம் கடன் கேட்டார்கள், வியாபாரம் செய்ய. திருப்பித் தரும் பொறுப்பைத் தாமே ஏற்றார்கள். உமர் (ரலி) கொடுத்தார்கள். அந்த அம்மையார் கல்ப் குலத்தாரின் பகுதிக்குச் சென்று வாங்கி விற்றார்கள். நஷ்டம் வந்தது. மதீனா திரும்பி நிலைமையைச் சொன்னபோது, இது என் சொந்தப் பணமாக இருந்தால் விட்டுவிடுவேன், முஸ்லிம்களின் பணமாயிற்றே என்ற பதிலே கிடைத்தது. இதில் நமக்குப் பிடித்தது இரண்டும்தான்: பெண் என்று மறுக்காமல் கொடுத்ததும், பெண் என்று இரங்கித் தள்ளுபடி செய்யாததும். வட்டியில்லாக் கடன் நிதி வைத்திருக்கும் நம் ஜமாஅத்துகள் சில இருக்கின்றன. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் கொடுக்கும் அந்த நிதியில், தொழில் தொடங்க வரும் பெண்ணுக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். கையில் பணம் வைத்து என்ன செய்வதென்று யோசிக்கும் அண்ணன் தம்பிகள், தங்கையின் தொழிலில் முளாரபாவாகப் போடலாம். தானமாக வேண்டாம், லாபத்தில் பங்கு பேசியே போடலாம். அன்னை அவர்கள் முதல் போட்டு, உழைப்பதற்கு ஒரு நல்ல மனிதரைத் தேடினார்கள். இங்கே உழைப்பவள் இருக்கிறாள். முதல் போடும் நல்ல மனிதரைத்தான் காணோம்.

அன்னையின் செல்வத்தில் வரலாற்றில் நாம் கடைசியாகக் காண்பது ஒரு கழுத்து மாலை. மூத்த மகள் ஸைனபை அபுல் ஆஸுக்கு மணமுடித்து அனுப்பியபோது அன்னை அதைக் கழுத்தில் போட்டு அனுப்பினார்கள். பத்ரில் அபுல் ஆஸ் குறைஷிகள் பக்கம் நின்று கைதியானார். மக்காவில் இருந்த ஸைனப் (ரலி) கணவரை மீட்கப் பணம் சேர்த்தார்கள். அதோடு அந்த மாலையையும் கழற்றி அனுப்பினார்கள். மதீனாவில் ஈட்டுப் பொருட்கள் பரப்பப்பட்டிருந்த இடத்தில் மாலை வந்து விழுந்தது. நபி (ஸல்) அவர்கள் பார்த்தவுடனே அடையாளம் கண்டு மிகவும் உருகிப்போனார்கள். கைதியை விடுவித்து, அந்தப் பெண்ணின் பொருளை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா என்று தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்கள் சம்மதித்தார்கள். மாலை மக்காவுக்கு, ஸைனபிடம் திரும்பிச் சென்றது.